சேர்ந்து உட்கார ஓர் இடம்

நம் வயதுக்காரர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை காலை என்றால் ரேடியோ, எண்ணெய்க் குளியல், கறிக்குழம்பு என்று ஏதாவது ஒன்று நினைவுக்கு வரும். எனக்கு மண்ணெண்ணெய் வாசனைதான் வருகிறது. அப்பா பழைய பனியனைக் கிழித்து மண்ணெண்ணெயில் நனைத்து சைக்கிள் ரிம்மைத் துடைப்பார். அது பளபளத்த பிறகுதான் குளிக்கப் போவார். அந்த ஒரு சைக்கிளில் நாங்கள் ஐந்து பேரும் போக வேண்டும். தங்கைக்கு ஹேண்டில் பாரில் மாட்டிய கம்பி சீட்டு, எனக்கு முன்பார், அம்மா கைக்குழந்தையான தம்பியோடு பின் கேரியரில். மேடு வந்தால் நானும் அம்மாவும் இறங்கி நடப்போம்.

போனது கோயில் தேடி. எங்கள் வீட்டில் மாதா கோயிலைக் கோயில் என்றுதான் சொல்வோம். அந்த வருடம் முந்திரி பூத்தபோது தேட ஆரம்பித்தோம். கொட்டை பொறுக்கி முடிவதற்குள் எல்லாம் நடந்து முடிந்துவிட்டது. நாங்கள் பெரிதாக எதுவும் கேட்கவில்லை. ஐந்து பேரும் சேர்ந்து உட்கார வேண்டும், தம்பிக்கு ஞானஸ்நானம் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

அப்பாவும் அம்மாவும் ஒரே ஊர், ஒரே கோயிலில் ஞானஸ்நானம் பெற்றவர்கள். ஜாதிதான் வேறு. அந்த ஊர்க் கோயிலின் நடுவில் ஒரு மரக் கிராதித் தடுப்பு உண்டு. அதற்கு முன்னால் அம்மா வீட்டு ஆட்கள், பின்னால் அப்பா தெரு ஆட்கள். இவர்கள் கல்யாணத்தை வெளியூர்க் கோயில் சாமியார் ஒருவர் தன் பொறுப்பில் நடத்திவைத்தார். அன்றோடு அம்மாவுக்குப் பிறந்த வீடு போனது. அப்பாவின் தெருவில் அவளை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அவள் குடத்தோடு குழாயடிக்குப் போனால் பேச்சு நின்றுவிடுமாம். மேலத்தெருப் பெண்ணால் தங்களுக்கு என்ன வம்பு வருமோ என்ற பயம் அவர்களுக்கு. எனக்கும் தங்கைக்கும் அந்தச் சாமியாரே ஞானஸ்நானத் தண்ணீர் ஊற்றினார். தம்பி பிறப்பதற்குள் அவர் இறந்துவிட்டார்.

அப்பாவுக்கு நெடுஞ்சாலைத் துறையில் சாலை ஆய்வாளர் வேலை. கந்தர்வக்கோட்டைப் பக்கம் மாற்றல் வந்ததும் அம்மாவுக்குத்தான் சந்தோஷம். "அங்க நம்மள யாருக்கும் தெரியாதுல்ல" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். தன் கல்யாணப் புடவையின் முந்தானையை வெட்டி தம்பிக்கு ஒரு நீளச் சட்டை தைத்தாள். வெளிர் மஞ்சள் பட்டு, கழுத்தில் சின்னச் சுருக்கம். அதற்குப் பொத்தான் வாங்க மட்டும் இரண்டு தடவை கடைக்குப் போய்வந்தாள்.

முதலில் போனது மெயின் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருந்த பழைய கோயில். உள்ளே சுண்ணாம்பும் வௌவால் புழுக்கையும் சாம்பிராணியும் கலந்த வாசம். கிராதி எதுவும் இல்லை என்று பார்த்ததும் அம்மா அப்பாவைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். தரை நடுவே ஒரு சிவப்பு சிமெண்ட் பட்டை ஓடியது. அழகுக்குப் போட்டிருக்கிறார்கள் என்றுதான் நினைத்தோம்.

பூசைக்கு எல்லாம் எடுத்துவைக்கும் உபதேசியார் வேகமாக எங்களிடம் வந்தார். அவர் முகத்தில் கடுகடுப்பே இல்லை. கல்யாண வீட்டில் பந்திக்கு ஆள் உட்காரவைப்பவரைப் போல இருந்தார்.

"புதுசா வந்திருக்கீங்களா? எந்த ஊரு?"

அப்பா ஊரைச் சொன்னார்.

"அங்க எந்தத் தெரு?"

அதையும் சொன்னார். அப்பாவுக்கு எதையும் மறைக்கத் தெரியாது.

"அம்மாவும் அந்தத் தெருதானா?"

"இல்லைங்க. நான் மேலத்தெரு" என்றாள் அம்மா.

"அப்பச் சரி. நீங்க இங்கிட்டு உக்காருங்கம்மா. சார் அங்கிட்டுப் போயிரட்டும்."

"பிள்ளைக?"

"பிள்ளைக அப்பாகூட."

அம்மா இடுப்பிலிருந்த தம்பியை இறுக்கிக்கொண்டாள். "இவன் பால் குடிக்கிற பிள்ளைங்க."

உபதேசியார் உண்மையாகவே யோசித்தார். பிறகு, "இங்க வச்சுப் பாலைக் குடுத்துட்டு, அங்க அனுப்பிருங்க" என்றார்.

அப்பா எங்கள் இருவர் கையையும் பிடித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டார். அம்மா வரக் கொஞ்சம் நேரமானது. நான் திரும்பிப் பார்த்தபோது அவள் அந்தச் சிவப்புப் பட்டையின் மேல் நின்றுகொண்டிருந்தாள். வரும் வழியில் தங்கை, "பூசை அதுக்குள்ள முடிஞ்சிருச்சாப்பா?" என்று கேட்டாள். "முடிஞ்சிருச்சும்மா" என்றார் அப்பா.

அடுத்தது புதுக்கோட்டை டவுனில் ஒரு சபை. அது எங்கள் பிரிவு இல்லை. அம்மாதான், "போய்த்தான் பாப்பமே, படிச்சவங்க இருக்கிற எடம்" என்றாள். பஸ்ஸில் போனோம். மெழுகு பூசிய பெஞ்சுகள், மின்விசிறிகள், வெள்ளைச் சட்டை போட்ட பாடகர் குழு. ஐந்து பேரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தோம், யாரும் எதுவும் கேட்கவில்லை. அம்மா நன்றாகப் பாடுவாள். அன்றைக்குக் குரலை அடக்கிக்கொண்டே பாடினாள். மூன்றாவது வாரமோ என்னவோ, முன் பெஞ்சில் இருந்த அம்மாள் திரும்பி, "எவ்வளவு நல்ல குரல்!" என்று சொல்லிவிட்டார். அதற்கப்புறம் அம்மா சத்தமாகவே பாட ஆரம்பித்தாள்.

அங்கேயே ஞானஸ்நானத்துக்குப் பேசினார்கள். வேறு இரண்டு வீட்டுப் பிள்ளைகளுக்கும் அதே ஞாயிற்றுக்கிழமை. விசாரிப்பு எந்த வழியாக நடந்தது என்று தெரியாது. ஒரு வாரம் கழித்து போதகர், அங்கே அவரை ஐயர் என்பார்கள், எங்களைத் தன் வீட்டுக்குக் கூப்பிட்டு உட்காரவைத்து, அவர் மனைவி கையால் காப்பி கொடுக்கச் சொன்னார். கண்ணாடி டம்ளர். எனக்கும் தங்கைக்கும் பிஸ்கட்.

"நான் என்ன நினைக்கிறேன்னா, உங்க பிள்ளைக்கு மட்டும் தனியா ஒரு நாள் சாயங்காலம் வச்சுக்கலாம். கூட்டம் இருக்காது. நிம்மதியா இருக்கும்."

"சாயங்காலம் எதுக்குங்க ஐயா?" என்றார் அப்பா.

ஐயர் தன் மனைவியைப் பார்த்தார். அந்த அம்மாள் காப்பித் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

"ஒரே தண்ணில எல்லாருக்கும் வேணாம்னு மத்த ரெண்டு வீட்டுக்காரங்களும் நினைக்கிறாங்க. எனக்கு அந்த எண்ணம் இல்ல. நான் ஒரு ஊழியன்தானே."

அம்மா பாதிக் காப்பியோடு டம்ளரைக் கீழே வைத்தாள். வீட்டுக்கு வந்து மஞ்சள் பட்டுச் சட்டையை மடித்து டிரங்குப் பெட்டிக்குள் போட்டாள். அன்றிலிருந்து கொஞ்ச நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை வந்தால் அப்பா சைக்கிள் துடைக்கவில்லை. காரணமில்லாமல் எங்களை அதட்டுவார். நாங்கள் ஏதோ குறும்பு செய்துவிட்டோம் என்று நினைத்துக்கொள்வோம்.

மூன்றாவது இடத்துக்குக் கூட்டிப்போனது பக்கத்து வீட்டு அக்கா. அவர் முந்திரிக் கொட்டை உடைக்கிறவர். ஓட்டிலிருந்து கசியும் கொட்டைப் பால் பட்டுப் பட்டு இரண்டு உள்ளங்கைகளும் கறுத்து, தோல் உரிந்து கிடக்கும். அந்தக் கையால் தம்பியைத் தொட மாட்டார், முழங்கையால் அணைத்துக் கொஞ்சுவார். ஒரு நாள் அம்மாவிடம், "நீங்க வேதக்காரவுகதானே, எங்கிட்டும் போகாம இருக்கீகளேக்கா. எங்க சபைக்கு ஒரு நாளு வாங்க. அங்க யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாக" என்றார்.

முந்திரித் தோப்பு ஓரத்தில் தென்னங்கீற்றுக் கொட்டகை. சாணி மெழுகிய தரையில் கோரைப் பாய்கள். அப்போது பிஞ்சு பிடிக்கும் நேரம், பூ வாசம் இன்னும் மிச்சமிருந்தது. அந்த வாசத்தில் ஒரு புளிப்பு இருக்கும். உள்ளே இருந்தவர்களைப் பார்த்து அப்பா வாசலிலேயே நின்றுவிட்டார். கொட்டை உடைக்கிற பெண்கள், ஒரு பஸ் கண்டக்டர் குடும்பம், ஊசிமணி விற்கிற ஒருவர் தன் மனைவி பிள்ளைகளோடு, திருமயம் பக்கத்துப் பெரிய வீட்டு ஆச்சி ஒருவர். ஆச்சி காரில் வந்து, காரை ரோட்டிலேயே நிறுத்திவிட்டு நடந்து வருவார். மூக்கில் வைரம் மின்ன, ஊசிமணிக்காரரின் மனைவிக்குப் பக்கத்தில் அதே பாயில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார்.

பாஸ்டர் ஒரு காலத்தில் லாரி ஓட்டியவர். ஒரு காலைச் சாய்த்து நடப்பார். எங்களைப் பார்த்ததும் பாட்டை நிறுத்திவிட்டு, "வாங்க தம்பி, வாம்மா தங்கச்சி. இங்கிட்டு வாங்க, காத்து வரும். கைப்பிள்ளைய வச்சுக்கிட்டு அங்கன ஏன் நிக்கிறீங்க?" என்றார். ஐந்து பேருக்கும் ஒரே பாய் விரித்தார்கள். எந்த ஊர் என்று கேட்கவில்லை. கடைசி வரை கேட்கவே இல்லை.

கூட்டம் முடிந்து எல்லோருக்கும் சாப்பாடு. பெரிய அலுமினிய அண்டாவில் சோறு, கத்திரிக்காய்க் குழம்பு. எங்கள் இலைகளுக்குப் பரிமாறியது ஊசிமணிக்காரர். அம்மா ஒரு வாய் எடுத்து வைத்தாள், மென்றாள், விழுங்க முடியாமல் அழுதாள். பக்கத்திலிருந்த ஆச்சி அவள் முதுகைத் தடவிக்கொண்டே, "சாப்புடுங்க, சாப்புடுங்க. நானும் மொத நாளு இப்படித்தான்" என்றார்.

அந்த வாரங்கள்தான் என் சின்ன வயதிலேயே நல்ல வாரங்கள். அப்பா சனிக்கிழமை இரவே சைக்கிளைத் துடைத்து வைத்துவிடுவார். கொட்டகைக்குப் புதுக் கீற்று மாற்றியபோது வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மேலே ஏறினார். எந்த ஊர்க் கோயிலிலும் அவரை ஒரு வேலைக்கு யாரும் கூப்பிட்டதில்லை. அங்கே கைப்பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் கிடையாது, வளர்ந்தவர்களுக்குத்தான். பிள்ளையைக் கையில் வாங்கி, பேர் சொல்லி ஜெபித்துக் கொடுப்பார்கள். "அது போதும்" என்றாள் அம்மா. பாஸ்டர் தம்பியை உயரத் தூக்கி அவன் பேரை உரக்கச் சொன்னார். கொட்டகை முழுக்க அந்தப் பேரைத் திருப்பிச் சொன்னது. அவன் பயந்து அழுதான். எல்லோரும் சிரித்தார்கள்.

ஒரு விஷயம் மட்டும் அங்கே வேறு மாதிரி இருந்தது. பாஸ்டரின் காலை எடுத்துவிட வேண்டும் என்று டாக்டர்கள் சொன்னார்களாம். அவர் ஆஸ்பத்திரியிலிருந்து எழுந்து வந்து உபவாசம் இருந்து ஜெபித்தார், கால் பிழைத்தது. அதற்குப் பிறகு ஒரு மாத்திரைகூட அவர் விழுங்கியதில்லை. மருந்து சாப்பிடக் கூடாது என்று அவர் யாருக்கும் சட்டம் போடவில்லை. ஆனால் அந்த அனுபவத்தைச் சாட்சியாக அவர் சொல்லக் கேட்டுக் கேட்டு எல்லோரும் மாத்திரைகளை ஒளித்து வைத்துக்கொண்டார்கள். கண்டக்டரின் மனைவி மகளை டைபாய்டுக்கு ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு வந்தபோது அவளை நடுவில் முழங்கால் போடவைத்து, "இவளுக்கு விசுவாசத்தைக் கூட்டும் ஆண்டவரே" என்று எல்லோருமாக ஜெபித்தார்கள். ஒருவரும் ஏசவில்லை, அன்பாகத்தான் செய்தார்கள். அடுத்த வாரம் அவள் வாசல் ஓரமாக உட்கார்ந்தாள். அப்புறம் அந்தக் குடும்பம் வரவில்லை. அப்பா திரும்பித் திரும்பி அவர்கள் உட்காரும் இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முந்திரிப்பழம் உதிர்கிற காலத்தில் தம்பிக்கு வயிற்றுப்போக்கும் காய்ச்சலும் வந்தது. தோப்பெங்கும் பழம் அழுகி ஈ மொய்த்தது. கொட்டை சுடுகிற புகை காலையிலிருந்து வீட்டுக்குள் வந்துகொண்டே இருந்தது. பாஸ்டர் வந்தார். தம்பியின் நெற்றியில் கைவைத்து வேர்த்து ஒழுக ஒழுக ஜெபித்தார். அவன் கொஞ்சம் தூங்கினான். அவர் போன பிறகு மறுபடியும் வயிற்றால் போனது. மறுநாள் பால் குடிக்கவில்லை.

மத்தியானம் நானும் தங்கையும் அடுப்படியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். பேச்சு அறையிலிருந்து தெளிவாகக் கேட்டது.

"ஏங்க, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயிருவமா?"

அப்பா ஜன்னலைச் சாத்துகிற சத்தம் கேட்டது.

"உச்சி குழிஞ்சு கெடக்குங்க. எனக்குப் பயமா இருக்கு."

"பாஸ்டரு சாயங்காலம் வாரேன்னு சொல்லிருக்காரு."

"சொல்லாமப் போயிட்டு வந்துருவோம்."

"இந்த ஊருல எது தெரியாமப் போகும்?" பிறகு அப்பா சொன்னார், "அதுக்கப்பறம் ஞாயித்துக்கெழம நாம எங்க போயி உக்காருவோம்?"

அம்மா எழுந்து வந்து, தம்பி நெற்றிக்கு ஒரு துணியை நனைத்துக்கொண்டு போனாள்.

பல வருடங்கள் வரைக்கும் அப்பா மதப்பைத்தியத்தில் அப்படிச் செய்துவிட்டார் என்றுதான் நினைத்திருந்தேன். உறவுக்காரர்களும் அப்படித்தான் பேசினார்கள். இப்போது, அவருடைய அன்றைய வயதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு வயது எனக்கு ஆன பிறகு, வேறு மாதிரி தெரிகிறது. அப்பா கடவுளை அவ்வளவு நம்பியவர் இல்லை. நம்பியிருந்தால் அவர் முகம் அன்றைக்கு அவ்வளவு வெளிறியிருக்காது. முப்பது வயதுக்கு மேல் முதல்முறையாக உட்காரச் சொல்லிக் கிடைத்த ஒரு பாய் அது. அதை விட்டுவிட அவருக்குப் பயம். ஒரு நாள் பார்ப்போம், ஒரு நாள்தானே என்று நினைத்தார்.

மறுநாள் காலை பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்தார். முழங்கையை எல்லாம் மறந்து, அந்தக் கறுத்த கைகளாலேயே தம்பியை வாங்கித் திருப்பிப் பார்த்தார். "யக்கா, பிள்ளைக்குக் கண்ணு சொருகுது! சபையும் வேணாம் ஒண்ணும் வேணாம், தூக்குங்க, பஸ்ஸு வந்துரும்!" என்று கத்திக்கொண்டே அவனைத் தோளில் போட்டு ரோட்டைப் பார்த்து ஓடினார். பின்னால் அம்மா செருப்பில்லாமல் ஓடினாள். அப்பா கதவைப் பூட்டுவதா வேண்டாமா என்று தெரியாமல் பூட்டோடு நின்றார், பிறகு பூட்டை என் கையில் கொடுத்துவிட்டு ஓடினார்.

வெயில் ஏறியதும் நானும் தங்கையும் பஸ் நிற்கும் இடத்தில் புளியமரத்தடியில் போய் நின்றோம். பஸ் வந்தது. அம்மா தம்பியைத் தோளில் சாய்த்து, அவன் தலைமேல் துண்டு போட்டுக்கொண்டு இறங்கினாள். "ஷ், தம்பி தூங்குறான்" என்று நான் தங்கையிடம் சொன்னேன். அந்த பஸ் நடத்துநரும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும். அப்படி நினைக்க வேண்டும் என்றுதான் அம்மா வழி முழுக்க அவன் முதுகில் தட்டிக்கொண்டே வந்தாளாம். தெரிந்தால் இறக்கிவிட்டுவிடுவார்கள் என்று ஆஸ்பத்திரியில் யாரோ சொல்லியிருந்தார்கள். வீட்டுக்குள் வந்து பாயில் கிடத்திய பிறகும் அவள் கை தட்டிக்கொண்டிருந்தது.

"ரெண்டு நாள் முன்னாடி கொண்டாந்திருந்தா ஒரு பாட்டில் ஏத்திக் காப்பாத்தியிருக்கலாம்" என்று டாக்டர் சொன்னதாக அக்கா வாசலில் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார்.

புதைக்க இடம் வேண்டும். கொட்டகைக்குக் கல்லறை கிடையாது. அப்பா சைக்கிளை எடுத்துக்கொண்டு அந்தப் பழைய கோயிலுக்குப் போனார். எப்படித்தான் போனாரோ. உபதேசியார் அவரை அடையாளம் கண்டு வருத்தப்பட்டாராம். ஆனால் ஞானஸ்நானம் ஆகாத பிள்ளையை அங்கே வைக்க முடியாது. ஆகியிருந்தாலும், கல்லறையிலும் நடுவில் சுவர் இருக்கிறது, எந்தப் பக்கம் என்று கேட்பார்கள். அப்பா திரும்பி வந்து, "இல்ல" என்று மட்டும் சொன்னார்.

கடைசியில் தோப்புக்காரர், அவர் எந்தச் சபையையும் சேராத விவசாயி, கொட்டகைக்குப் பின்னால் கைகாட்டி, "இந்த மூலையில தோண்டிக்கங்க. உழவு இங்கன வராது" என்றார். செம்மண்ணும் சரளையும், கடப்பாரை பட்டால் பொறி பறக்கும். ஊசிமணிக்காரரும் பாஸ்டரும் மாற்றி மாற்றித் தோண்டினார்கள். கொட்டை உடைக்கிற பெண்கள் எல்லோரும் வேலையைப் போட்டுவிட்டு வந்திருந்தார்கள். தங்கள் கூடைகளில் மண்ணை அள்ளினார்கள். மனைவியை அழைத்துக்கொண்டு கண்டக்டரும் வந்து ஓரமாக நின்றார். ஆச்சி அம்மாவைத் தன் மடியில் சாய்த்துப் பிடித்துக்கொண்டிருந்தார். தம்பியை அப்பாவின் வேட்டியில் சுற்றியிருந்தார்கள். அந்த மஞ்சள் பட்டுச் சட்டை என்ன ஆனது என்று எனக்குத் தெரியாது. பிற்பாடு டிரங்குப் பெட்டியிலும் அதைப் பார்க்கவில்லை.

பாஸ்டர் ஜெபிக்க ஆரம்பித்தார். குரல் உடைந்து உடைந்து வந்தது. "எங்க விசுவாசத்துல கொறை இருந்தா மன்னியும் ஆண்டவரே" என்றார்.

அப்பா கையிலிருந்த மண்வெட்டியைக் கீழே போட்டார். மண் போட வேண்டிய நேரத்தில் தோப்புக்குள் நடந்து போய்விட்டார். முதல் மண்ணை அம்மாதான் போட்டாள்.

அதற்கப்புறம் அப்பா எந்தக் கோயிலுக்குள்ளும், எந்தச் சபைக்குள்ளும் காலெடுத்து வைக்கவில்லை. என் கல்யாணத்துக்குக்கூட வாசலில்தான் நின்றார். அம்மா ஒரு வாரம்கூட விடாமல் கொட்டகைக்குப் போனாள். அப்பா அவளைச் சைக்கிளில் கொண்டுபோய் விடுவார், ரோட்டோர டீக்கடையில் உட்கார்ந்திருப்பார், முடிந்ததும் கூட்டி வருவார். அரிமளத்துக்கு மாற்றலான பிறகு அம்மா இரண்டு பஸ் மாறிப் போனாள்.

பாஸ்டரை அப்பா பிறகு ஒரே ஒரு தடவை பார்த்தார். நானும் கூட இருந்தேன், கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். தெரிந்தவர் ஒருவரைப் பார்க்க அரசு ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தோம். ஆண்கள் வார்டின் கடைசிக் கட்டிலில் பாஸ்டர் படுத்திருந்தார். சர்க்கரை, அந்தக் கால் மறுபடியும் புண்ணாகியிருந்தது. கையில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது. அப்பாவைப் பார்த்ததும் அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அப்பா கட்டில் பக்கத்தில் வெகுநேரம் நின்றார். ஏதோ கேட்கப் போகிறார், இத்தனை வருடக் கேள்வியைக் கேட்கப் போகிறார் என்று நினைத்தேன். அவர் நிமிர்ந்து பாட்டிலைப் பார்த்தார். தீர்ந்திருந்தது. வெளியே போய் நர்ஸைக் கூட்டி வந்தார். அப்புறம் கிளம்பிவிட்டோம்.

எனக்கு அம்மாமேல்தான் ஆற்றாமை இருந்தது. எனக்கே குழந்தை பிறந்த பிறகு அது கோபமாகிவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவள் தலைவாரிக்கொண்டிருந்தபோது கேட்டே விட்டேன்.

"எப்படிம்மா அந்த எடத்துக்கு ஒனக்குப் போக மனசு வருது? அவுகளாலதானே அவன் போனான்?"

அம்மா கொண்டையைச் சுற்றி ஊசி குத்திக்கொண்டாள். கோபப்படவில்லை.

"ஆமா. அவுகளாலயும்தான், எங்களாலயும்தான்" என்றாள். பிறகு பையில் குடையை வைத்துக்கொண்டே சொன்னாள், "வேற எந்தக் கோயிலுக்குப் போனாலும் ஒங்களுக்கு எத்தனை பிள்ளைகன்னு கேக்குறாக. ரெண்டுன்னு சொல்ல வேண்டிருக்கு. அங்க யாரும் கேக்க மாட்டாக. அவன் பேரு அவுகளுக்குத் தெரியும்."

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிப் போனாள்.